மீதி இரண்டு

நேற்று மாலை பழைய சோனகத் தெருவில்
கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது
திரையில் அது நின்றது:
73,939,133.
சதம் பூச்சியம்.

ஏழு கோடியே
முப்பத்தொன்பது இலட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து
நூற்று முப்பத்துமூன்று.
வாய்விட்டுச் சொன்னேன்.
பெயின்ற் வாளிகளுக்கும் பீவீசீ குழாய்களுக்கும் நடுவே
ஒரு ஊர்வலம் போல் அது நகர்ந்து போனது.

இருபத்தாறு வருசமாய் ஆணியும் பிணைச்சலும் விற்ற கடை.
உவைஸ், மிஃப்லால், ருஸ்தி.
மூன்று பேரும் தனித்தனியே ஃபோன் எடுத்தார்கள்:
"சரி பங்கு மிஸ். காலையில வேணும்."

கணிதத்தில் விசேட பட்டம் வாங்கி
ஆணிக்கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு வியாதி உண்டு.
வாகனத் தகடு, ஆஸ்பத்திரித் துண்டு,
எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.
இரவு அதன் கதவை
இரண்டால் தட்டினேன், மூன்றால் தட்டினேன்,
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரைக்கும்
மடிக்கணினி தட்டிக்கொண்டே போனது.
அதற்கு மேல் தட்டத் தேவையில்லை.
யாருக்கும் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் முதன்மை எண் என்று படித்தோம்.
அக்கரையில் அச்சான ஒரு புத்தகம் பகா எண் என்றது.
பகா:
பங்குக்குச் சம்மதியாதது.

காலை. நூறாம் இலக்க பஸ். தெஹிவளை.
ஐம்பத்தெட்டு ரூபாவுக்கு அறுபது கொடுத்தேன்.
"இத்துரு பஸ்ஸே" என்று
சில்லறையைக் குலுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.
மீதி பிறகாம்.

வெள்ளவத்தையில் ஒரு கூட்டம் இறங்க
சும்மா, விளையாட்டுக்கு,
எண்ணின் வால் இலக்கத்தையும் இறக்கிவிட்டேன்.
7393913.
இரவு வேலை செய்த அதே நிரலைத் தொலைபேசியில் ஓட்டினேன்.
பகா.
இன்னுமொரு மூன்றை இறக்கினேன். 739391. பகா.
நிமிர்ந்து பார்த்தேன்.
குறுக்கு ஒழுங்கைகளின் முடிவில்
கடல் ஒரு விரல் அகலம் வந்து வந்து போனது.

பம்பலப்பிட்டியில் ஒன்று. பிறகு ஒன்பது.
கொள்ளுப்பிட்டியில் நிற்காமலே அடித்துக்கொண்டு போனான்,
ஒரு மாமி கத்தினா,
நான் எண்ணை இறக்க மறந்துபோனேன்.
காலிமுகத்தில் காற்று டிக்கெட்டைப் பறிக்கப் பார்த்தது.
அதன் முதுகில் எழுதினேன்: 739.
இதற்கு நிரல் தேவையில்லை.
ஏழால் மீதி நாலு. பதினொன்றால் இரண்டு.
பதின்மூன்றால் பதினொன்று.
இருபத்துமூன்றோடு நிறுத்தலாம். மீதி மூன்று.
வெட்ட வெட்ட
வெட்டுப்பட்ட இடத்திலும் அது முழுசாகவே இருந்தது.

கோட்டையில் எழுபத்துமூன்று.
புறக்கோட்டையில், எல்லாரும் இறங்கிய பிறகு,
வெறும் ஏழு.

கூட்டிப் பார்க்கவும் ஆசைதான்.
ஆனால் வாலில் எந்த இலக்கத்தை ஒட்டினாலும்
இந்த எண் உடைந்துபோகும்.
இந்தச் சாதியில் இதுவே பெரியது.
இதோடு சரி.

கொண்டக்டர் மீதி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கடையில் மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஆளுக்கு
இரண்டு கோடியே நாற்பத்தாறு இலட்சத்து
நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எழுபத்தேழு என்றேன்.
"கணக்கு முடிஞ்சா மிஸ்?"
இரண்டு ரூபா மிஞ்சுது என்றேன்.
"அதை ஏன் சொல்றீங்க" என்றார் உவைஸ்.
சொல்லாமல் எப்படி விடுவது?
இரவெல்லாம் பார்த்தேனே,
இரண்டாக்கினால் ஒன்று,
ஐந்தாக்கினால் மூன்று,
ஏழாக்கினாலும் இரண்டு.

மிஃப்லால் லாச்சியைத் திறந்து மூடினார்.
ருஸ்திதான் எங்கிருந்தோ ஒரு இரண்டு ரூபாக் குற்றியைத் தேடியெடுத்து
ஆணி நிறுக்கும் தராசுத் தட்டில் வைத்தான்.

முள் அசையவில்லை.
மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.